மீன்பிடி வள்ளத்துக்கேற்ற பற்றறியைத் தெரிந்தெடுத்தல்

குளங்களையும் களப்புகளையும் அண்டி வாழும் கமக்காரருட் பலர், வயலில் வேலை குறைந்துள்ள காலத்தில் வள்ளமேறி மீன்பிடித்தலை உபதொழிலாகக் கொண்டுள்ளனர். துடுப்பு வலித்தே செலுத்தப்படும் இவ்வள்ளங்களில் மின்விளக்கு, மீன்தேடு கருவி, அடித்தளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் சிறு பம்பி என்பவற்றையும், வள்ளத்தை ஓசையின்றி மெதுவாகச் செலுத்தும் மின்மோட்டரையும் பொருத்த விரும்புவோர் உளர். இவை யாவும் ஒரு பற்றறியை நம்பியே இயங்குவன. பொருத்தமற்ற பற்றறியை வாங்கியவர் ஒரு போகத்துள்ளேயே இன்னொன்று வாங்க நேரிடும். அதனிலும் பெரிய கேடு, சோளகக் காற்று மூளும் மாலைப்பொழுதில் கரைக்கு வெகுதூரத்தே மோட்டர் நின்றுவிடுதலாகும். ஆகையால், பணத்தைக் கொடுக்குமுன் பற்றறியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. குறித்த குளத்தில் மோட்டர் பூட்டிய வள்ளத்தைச் செலுத்த அனுமதி உண்டா என்பதையும் அக்குளத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

இங்கே கூறப்படும் மின்மோட்டர் திரோலிங் மோட்டர் என வழங்கும். ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்துப் பார்கோ நகரில் 1934ஆம் ஆண்டில் இது முதன்முதலாகச் செய்யப்பட்டது. ஏரிகள் மலிந்த அப்பிரதேசத்தில், தூண்டிலை நீரினூடே மெதுவாக இழுத்துச் செல்வதற்கு எண்ணெய் இயந்திரம் பயன்படாமையே இதன் தோற்றத்துக்குக் காரணமாகும். எண்ணெய் இயந்திரத்தின் இரைச்சல் மீனைக் கலைக்கும். குறைந்த வேகத்தில் அது சீராக ஓடாது. மின்மோட்டருக்கு இக்குறைகள் இல்லை. ஆயின் எண்ணெய் இயந்திரத்துக்கு ஒரு கலன் எண்ணெயைக் கூடுதலாக எடுத்துச் செல்லலாம். மின்மோட்டர் கரையில் ஏற்றிய மின்னை மாத்திரமே கொண்டு போய்த் திரும்பவேண்டும்.

இருவகைப் பற்றறிகள்

ஈயத் தகடுகளையும் ஐதான சல்பூரிக்கமிலத்தையும் கொண்ட பற்றறியைப் பிரான்சு நாட்டறிஞர் கஸ்தோன் பிளான்தே 1859ஆம் ஆண்டில் அமைத்தார். இன்றும் லொறியிலும் உழவு இயந்திரத்திலும் உள்ளது அதன் வழிவந்ததேயாகும். ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 2 உவோற்று தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்து 12 உவோற்றுப் பற்றறியாகின்றன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படினும், இப்பற்றறிகள் செய்யும் வேலைக்கேற்ப இருவகைப்படும்.

முதலாவது, இயந்திரத்தை முடுக்குவதற்கானது. இதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையிற் கூடியவை. சாவியைத் திருப்பியவுடன் சில செக்கன்களுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னைக் கொடுத்து ஓய்வதே இதன் தொழில். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இழந்த மின் திரும்ப ஏற்றப்படுகின்றது. எனவே இது எப்பொழுதும் நிறைந்தே இருக்கும். இதனைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டு மீண்டும் ஏற்றுவதைச் சில பத்துத் தடவை செய்தால், தகட்டிலுள்ள மருந்து உதிர்ந்து அடியில் வண்டலாகப் படியும்.

இரண்டாவது, ஆழ மின்னிறக்கப் பற்றறி. இதன் தகடுகள் தடித்தவை. மருந்தும் அடர்த்தியாக அப்பப்பட்டது. ஒரே முறையில் பெருமளவு மின்னைக் கொடுக்க இது ஏற்றதன்று. ஆனால் மணிக்கணக்காகச் சீராகக் கொடுக்கவல்லது. நூற்றுக்கணக்கான தடவைகள் பாதி வரை இறங்கி ஏறினும் தாங்கும். திரோலிங் மோட்டருக்கும், விளக்குக்கும், மீன்தேடு கருவிக்கும், யானை புகாதிருக்க அமைக்கும் மின்வேலிக்கும் வேண்டப்படுவது இதுவே.

பழைய லொறிப் பற்றறி ஒன்று மலிவாகக் கிடைத்ததென்று அதனை வள்ளத்தில் ஏற்றுவோர் செய்வது சிக்கனமன்று. தொடக்கத்தில் அது நன்றாகவே ஓடும். அதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். சில வாரங்களில் இரண்டு மணி நேர ஓட்டம் ஒரு மணியாகும். பின்னர் அரை மணியாகும்.

கடையிற் பற்றறியின்மேல் ஒட்டப்பட்டுள்ள பெயரை மாத்திரம் பார்த்து வாங்குதல் கூடாது. கடற்பாவனைக்கு உரியதென எழுதப்பட்டவற்றுட் சில, இரு வேலைகளுக்கும் இடைப்பட்டவையாகும். குளிர்நிலை முடுக்கு அம்பியர் என ஓர் எண் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருப்பின் அது இயந்திரம் முடுக்குவதற்கான அளவென அறிக. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை சதம வெப்பநிலையில் 30 செக்கன் கொடுக்கக்கூடிய மின்னை அது குறிக்கும். வெப்ப நாட்டில் குளத்தில் மீன்பிடிப்போருக்கு அவ்வெண்ணால் யாதும் பயனில்லை. தேடவேண்டியது 20 மணி வீதத்திற் கணித்த அம்பியர்-மணி என்னும் அளவாகும். ஒரே பருமனுள்ள இரு பற்றறிகளைக் கையால் தூக்கிப் பார்த்தலும் பழுதன்று. ஈயம் கூடியது பாரமாயிருக்கும். செய்யப்பட்ட திகதியையும் கேட்டல் வேண்டும். கடைத்தட்டில் மின்னேற்றாது மாதக்கணக்காகக் கிடந்த பற்றறியின் தகடுகளில் வன்மையான வெண்படிவு உண்டாகியிருக்கும். அளவிடும்போது 12.4 உவோற்றுக்குக் குறைவாகக் காட்டும் புதுப் பற்றறியை வாங்காது விடுதலே தக்கது.

மோட்டரையும் மின்னையும் கணக்கிடல்

திரோலிங் மோட்டரின் வலு, அது நீரைத் தள்ளும் விசையைக் கொண்டு இறாத்தலிற் குறிக்கப்படும். ஆட்கள், வலை, பற்றறி யாவும் சேர்ந்த வள்ளத்தின் நிறையில் ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் குறைந்தது 2 இறாத்தல் தள்ளுவிசை வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இக்கணக்கு அமைதியான நீருக்கு உரியது. காற்றும் அலையும் உள்ள பெருங்குளத்துக்கு இதனை இரட்டித்துக்கொள்ளல் அவசியம்.

12 உவோற்று மோட்டர் முழு வேகத்தில் ஓடும்போது, ஓர் இறாத்தல் தள்ளுவிசைக்கு ஏறத்தாழ ஓர் அம்பியர் மின்னை இழுக்கும் என மனத்திற்கொள்க. 30 இறாத்தல் மோட்டர் ஏறக்குறைய 30 அம்பியர் இழுக்கும். வேகத்தைக் குறைத்தால் மின்னிழுப்பு மிக விரைவாகக் குறையும். பாதி வேகத்தில் மூன்றிலொரு பங்கே செலவாதல் கூடும். ஆயினும் எல்லா மோட்டர்களும் ஒரேவகையின அல்ல. ஐந்து வேகப்படிகளை மாத்திரம் கொண்ட மலிவான மோட்டர்கள், குறைந்த வேகத்தில் மின்னின் ஒரு பங்கைத் தடைச்சுருளில் வெப்பமாக்கி வீணாக்கும். மின்னைத் துடிப்புத் துடிப்பாக விட்டு வேகத்தை மாற்றும் மோட்டர்களில் இவ்விழப்பு மிகச் சிறிது. அவற்றுக்கு விலை கூடுதல் என்பது உண்மையே. ஆனால் நாள் முழுதும் மெதுவாகவே ஓட்டுபவருக்கு அவ்விலை, சிறிய பற்றறியே போதுமாதலால், திரும்பக் கிடைத்துவிடும்.

உதாரணமாக, கண்ணாடி நாராற் செய்த வள்ளமொன்று, இரு ஆட்களுடனும் வலையுடனும் பற்றறியுடனும் 350 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 770 இறாத்தல் நிறையுள்ளதெனக் கொள்வோம். அமைதியான நீரில் 16 இறாத்தல் தள்ளுவிசை போதும். காற்றுக்காக இரட்டித்தால் 30 இறாத்தல் மோட்டர் பொருந்தும். மீன்பிடிக்கும் இடத்துக்குச் செல்ல அரைமணி நேரம் 20 அம்பியர் செலவாயின் 10 அம்பியர்-மணி. அங்கே இரண்டு மணி நேரம் மெதுவாக ஓட்ட 10 அம்பியர் வீதம் 20 அம்பியர்-மணி. எதிர்காற்றில் அரைமணி முழு வேகத்தில் திரும்ப 15 அம்பியர்-மணி. ஆகமொத்தம் 45 அம்பியர்-மணி. திரும்பும் வழிக்குச் செல்லும் வழியிலும் கூடுதலாகக் கணக்கிட்டிருப்பதைக் கவனிக்க. காலையில் அமைதியாயிருந்த நீர் பின்னேரத்திலும் அவ்வாறே இருக்கும் என எண்ணி ஒதுக்கிய மின்னே பலரை நடுக்குளத்தில் நிறுத்துகின்றது.

இனி, 45 அம்பியர்-மணி வேண்டியிருப்பதால் 45 அம்பியர்-மணிப் பற்றறி போதுமென எண்ணுதல் தவறு. ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதிருத்தல் அதன் ஆயுளுக்கு உகந்தது. எனவே 90 அம்பியர்-மணியேனும் வேண்டும். அன்றியும் மின்னை விரைவாக இழுக்குந்தோறும் பற்றறி மொத்தத்தில் குறைவாகவே கொடுக்கும். ஜெர்மானியரான போய்க்கர்ட் 1897ஆம் ஆண்டில் இதனை விதியாக வகுத்தார். 100 அம்பியர்-மணி என்று பொறித்த பற்றறி 5 அம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும். 30 அம்பியர் இழுத்தால் கணக்கின்படி மூன்று மணி இருபது நிமிடம் ஓடவேண்டும். உண்மையில் இரண்டரை மணிக்குள் அது வெறுமையாகிவிடும். பற்றறி முதுமையடைய அதன் கொள்ளளவும் குறையும். இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, மேலே கூறிய வள்ளத்துக்கு 100 முதல் 110 அம்பியர்-மணி வரையிலான ஆழ மின்னிறக்கப் பற்றறியே தகுந்தது.

பெரிய வள்ளங்களுக்கு 24 உவோற்று மோட்டர்கள் உள. அவற்றுக்கு 12 உவோற்றுப் பற்றறிகள் இரண்டைத் தொடராக இணைத்தல் வேண்டும். உவோற்று இரட்டிக்கும், அம்பியர்-மணி மாறாது. சமாந்தரமாக இணைப்பின் அம்பியர்-மணி இரட்டிக்கும், உவோற்று மாறாது. எவ்வகையில் இணைப்பினும் இரண்டும் ஒரே வகையினவும் ஒரே வயதினவுமாயிருத்தல் அவசியம். பழையதொன்றைப் புதியதனுடன் பூட்டினால் பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும்.

துணைக்கருவிகளுக்குத் தனிப் பற்றறி

விளக்கும் மீன்தேடு கருவியும் பம்பியும் மிகக் குறைந்த மின்னையே உண்பன. 10 உவாற்று ஒளிகாலும் இருவாயி விளக்கு ஓர் அம்பியருக்கும் குறைவாக இழுக்கும்; சிறிய மீன்தேடு கருவி அரை அம்பியர் அளவில் இழுக்கும்; பம்பி 3 அம்பியர் வரை இழுப்பினும் இடையிடையேதான் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு இவையாவும் 7 அம்பியர்-மணிக்கு மேற் செல்வது அரிது. இதற்கு 15 முதல் 20 அம்பியர்-மணி வரையிலான சிறு பற்றறி போதுமானது.

இவ்வளவு சிறிய செலவை மோட்டரின் பற்றறியிலிருந்தே எடுத்தாலென்ன என்று கேட்கலாம். மோட்டர் வேகமெடுக்கும்போது பற்றறியின் உவோற்று சடுதியாகத் தாழும். அப்பொழுது மீன்தேடு கருவி அணைந்துவிடும் அல்லது திரையில் பொய்க்கோடுகளைக் காட்டும். ஆனால் முக்கியமான காரணம் இதுவன்று. மோட்டர் தன் பற்றறியை முற்றாக உண்டுவிட்ட வேளையிலும் விளக்கும் பம்பியும் இயங்கவேண்டும். இருளில் நிற்கும் வள்ளம் ஏனையோர் கண்ணுக்குத் தெரிவது விளக்கினாலேயே. எனவே பணம் தட்டுப்படின் மோட்டரிற் சிறியதை வாங்கியேனும் இரண்டாம் பற்றறியை வைத்துக்கொள்ளல் நலம். துடுப்பையும் உயிர்காப்பு அங்கியையும் கரையில் விட்டுச் செல்லலாகாது.

கம்பியைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். வீட்டுச் சுவரில் ஓடும் 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியை மோட்டருக்குப் பூட்டுவோர் உளர். போகவும் வரவும் 6 மீற்றர் நீளமுள்ள அத்தகைய கம்பியில் 30 அம்பியர் ஓடினால் ஒன்றேகால் உவோற்றுக்கு மேல் வழியிலேயே இழக்கப்படும், கம்பியும் சுடும். 16 சதுர மில்லிமீற்றர்ச் செம்புக் கம்பியில் இவ்விழப்பு ஓர் உவோற்றின் ஐந்திலொரு பங்கேயாகும். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துள் தகுந்த உருகியொன்றைப் பொருத்தாது மோட்டரைப் பூட்டுதல் பெரும் ஆபத்தாகும்.

ஈயமா, இலிதியமா

திறந்து நீர் விடக்கூடிய ஈயப் பற்றறியே விலையிற் குறைந்தது. அது சரிந்தால் அமிலம் சிந்தும். களப்பிலோ கடலிலோ உப்புநீர் அதனுட் புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு உண்டாகும். ஆகவே உப்புநீரிற் செல்வோர், அமிலத்தைக் கண்ணாடி நாரிழைப் பாயில் உறிஞ்சவைத்து மூடிய பற்றறியை வாங்குதல் நன்று. அதற்கு நீர்விடும் தொல்லையும் இல்லை. ஆனால் அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினால் வற்றிப்போகும். வற்றியதை நிரப்ப வழியில்லை.

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றறி இப்பொழுது பரவி வருகின்றது. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றறி ஏறக்குறைய 28 கிலோகிராம் நிறையுள்ளது. அதேயளவு இலிதியப் பற்றறி 11 முதல் 14 கிலோகிராம் வரையிலேயே நிறுக்கும். அதன் மின்னில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிச் செலவிடலாமாதலால், முன்னர்க் கூறிய வள்ளத்துக்கு 60 அம்பியர்-மணி இலிதியப் பற்றறி ஒன்றே போதும். நன்கு செய்யப்பட்டது இரண்டாயிரம் தடவைக்கு மேலும் இறங்கி ஏறவல்லது. வாரத்தில் ஐந்தாறு நாள் நீரில் இறங்குவோருக்கு, விலை அதிகமாயினும், சில ஆண்டுகளில் இதுவே மலிவாகும். மாதத்தில் இரண்டொரு நாள் மாத்திரம் செல்லும் கமக்காரருக்கு ஈயப் பற்றறியே போதுமானது.

இலிதியப் பற்றறியில் ஒரு வஞ்சகம் உண்டு. ஈயப் பற்றறி களைக்கும்போது மோட்டரின் வேகம் மெல்ல மெல்லக் குறைந்து ஓட்டுபவரை எச்சரிக்கும். இலிதியப் பற்றறியோ கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடி, உள்ளேயுள்ள காவற்கருவி இணைப்பைத் துண்டித்தவுடன் சடுதியாக நின்றுவிடும். அதன் உவோற்றும் பெரும்பாலான நேரம் 13 அளவிலேயே நிற்பதால் உவோற்றுமானியைப் பார்த்து மிச்சத்தை அறிய முடியாது. செலவான அம்பியர்-மணியை எண்ணும் மானி ஒன்றை உடன் வாங்குதல் அவசியம். மின்னேற்றியும் இலிதியத்துக்கென அமைந்ததாயிருத்தல் வேண்டும்.

மின்னேற்றலும் பராமரிப்பும்

ஈயப் பற்றறி பாவனையால் அழிவதிலும், வெறுமையாகக் கிடப்பதனால் அழிவதே பெரிது. கரைசேர்ந்த அன்றிரவே மின்னேற்றத் தொடங்குதல் வேண்டும். மறுவாரம் போகும்போது ஏற்றலாமென விட்டால் தகட்டில் வெண்படிவு இறுகும். பின்னர் அது கரையாது. 100 அம்பியர்-மணிப் பற்றறிக்கு 10 அம்பியர் மின்னேற்றி பொருத்தமானது. பாதி இறங்கியதை நிரப்ப ஏறக்குறைய எட்டு மணி நேரம் செல்லும். மின்னிணைப்பு இல்லாதவிடத்து 100 உவாற்றுச் சூரியப் பலகை நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 25 அம்பியர்-மணி அளவில் ஏற்றும். ஆகவே ஒரு நாள் மீன்பிடித்தபின் இரண்டு நாள் வெயிலுக்கு விடவேண்டியிருக்கும். பலகைக்கும் பற்றறிக்கும் இடையே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பூட்டுதல் வேண்டும்.

சில மணி நேரம் ஓய்வாக வைத்தபின் அளக்கும்போது 12.7 உவோற்று நிறைவையும், 12.2 பாதியையும், 11.9க்குக் கீழே வெறுமையையும் காட்டும். திறந்த பற்றறியில் அமிலத்தின் தன்னீர்ப்பை மானியால் அளத்தல் இன்னும் நம்பத்தக்கது. நிறைந்த நிலையில் அது 1.265 அளவினது. வெப்ப நாடுகளுக்கெனச் சற்று ஐதான அமிலம் இட்ட பற்றறிகளும் உளவாதலால் செய்தவர் குறிப்பையே பின்பற்றல் வேண்டும். ஒரு கலம் மாத்திரம் ஏனையவற்றிலும் மிகத் தாழ்ந்து காட்டின் அப்பற்றறி நெடுநாள் உழையாது.

குறைந்த நீரை நிரப்பக் காய்ச்சி வடித்த நீரையே விடுக. கிணற்று நீர், சிறப்பாகச் சுண்ணக்கல் நிலத்தையுடைய யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர், எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் ஆகாது. தகடு வெளியே தெரியின் அது மூழ்குமளவுக்கு மாத்திரம் முதலில் விட்டு மின்னேற்றி, மிகுதியைப் பின்னர் நிரப்புதல் வேண்டும். முன்னரே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். முனைகளில் பூத்த படிவை அப்பச்சோடாக் கரைசலாற் கழுவி, உலர்த்தி, வசிலீன் பூசுக. கரைசல் கலத்தினுட் சேரலாகாது. வெயிலிற் காயும் தகரக் கொட்டிலில் பற்றறியை வைத்தல் ஆயுளைக் குறைக்கும். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பத்துப் பாகை வெப்பத்துக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அவ்வாயு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆதலால் குப்பிவிளக்கு எரியும் அறையிலோ அடுப்படியிலோ மின்னேற்றலாகாது. அவ்விடத்திற் சுருட்டுப் பற்றவைத்தலும் கூடாது. வள்ளத்தில் பற்றறியைக் காற்றோட்டமுள்ள மூடிய பெட்டியில் வைத்து வாரினாற் கட்டுக. கழற்றும்போது மறைமுனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் தொடுக. அமிலம் உடலிற் பட்டால் தாமதியாது ஏராளமான நீரால் கழுவுக. கண்ணிற் பட்டால் தொடர்ந்து கழுவியபின் வைத்தியரிடம் செல்க.

உழைத்து முடிந்த ஈயப் பற்றறியை வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் உருக்குதல் கூடாது. அதன் தூளும் புகையும் படிந்த மண் பல தலைமுறைக்கும் மாசுபட்டிருக்கும். அம்மண்ணில் விளையும் கீரையும், அதில் விளையாடும் குழந்தையின் கையும், ஈயத்தை வயிற்றுக்குக் கொண்டு செல்லும். வெற்றுப் பற்றறிக்குப் பெறுமதி உண்டு. புதியதை வாங்கும்போது விற்பனையாளரிடம் அதனை ஒப்படைத்து, விலையிற் கழித்துத் தரும்படி கேட்கலாம்.